நைனாவுக்குக் கேட்காமல் போன குரல்

"அந்தப் பொண்ணு இன்னிக்கும் பேசலடா" என்றார் நைனா, கடைச் சாவியை மேசையில் போட்டபடி.

ஏதோ வீட்டு விவகாரம் என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் இருக்கும் ஆன்டிவைரஸைத்தான் அவர் அப்படிச் சொல்வார். காலையில் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு, வாசலில் தண்ணீர் தெளித்து, சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டி முடிப்பார். அந்த நேரத்துக்குச் சரியாக, வைரஸ் பட்டியல் புதுப்பிக்கப்பட்டுவிட்டது என்று ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் சொல்லும். நைனாவுக்கு அந்த ஆங்கிலம் முழுசாகப் புரியாது. ஆனால் அது பேசிவிட்டால் நெட் வந்துவிட்டது, மிஷின் ஒழுங்காக இருக்கிறது, ஷட்டரை முழுசாக ஏற்றலாம் என்று அவருக்கு அர்த்தம். பல வருஷப் பழக்கம்.

எங்கள் கடை தண்டையார்பேட்டையில், திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே போகிற ஒரு சந்தில் இருக்கிறது. எட்டுக்குப் பத்து. 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரைக்கும் நீண்ட பிறகு நடமாட்டம் கூடியது. தியாகராயா கல்லூரிப் பிள்ளைகள் புராஜெக்ட் ரிப்போர்ட்டோடு வருவார்கள். காசிமேட்டிலிருந்து படகுக் காகிதங்களோடு வருவார்கள். வாட்ஸ்அப் வந்த பிறகு பென் டிரைவ் குறைந்துவிட்டது என்று சொல்கிறார்கள். எங்கள் கடையில் அப்படி ஒன்றும் பெரிதாகக் குறையவில்லை. பிரின்ட் போட வரும் பென் டிரைவ் என்பது ஊர் சுற்றிய செருப்பு மாதிரி, எந்தச் சேற்றையெல்லாம் மிதித்துவிட்டு வருகிறது என்று நமக்குத் தெரியாது. ஃபோல்டர்களை எல்லாம் மறைத்துவிட்டு அதே பெயரில் ஷார்ட்கட்டைக் காட்டும் வைரஸ் இருக்கிறதே, அதற்கு வயதே ஆவதில்லை.

காலை எட்டு மணியிலிருந்து பதினொன்று வரை கடையில் நைனாதான். துறைமுகத்தில் கிரேன் பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வலது கண்ணில் கண் அழுத்த நோய், இடது கண்ணில் புரை எடுத்தாயிற்று. ஃபைலைத் திறக்க, பிரின்ட் கொடுக்க, காசு வாங்க எல்லாம் பழகிவிட்டார். ஆனால் திரையின் வலது மூலையில் ஐந்து விநாடி எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற சின்னக் கட்டம் அவர் கண்ணில் படாது. அதுவும் ஜெராக்ஸ் மிஷின் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தால் யார் கண்ணிலும் படாது. அவருக்கு எல்லாம் காதுதான். கப்பலுக்கு அடியில் முதுகைக் காட்டி நிற்பவனுக்குக் கிரேன் மணிதான் கண் என்பார். ஆன்டிவைரஸ் ஊளையிட்டால் பென் டிரைவைப் பிடுங்கி, "தம்பி, இதுல பூச்சி கீது, வாட்ஸ்அப்ல அனுப்பு" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். எங்கள் கடையின் பாதுகாப்பு ஏற்பாடே அவ்வளவுதான். அந்த ஒலிதான் போய்விட்டது.

விண்டோஸ் 10-க்கு வரும் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிடும் என்று முன்னமே அறிவித்திருந்தார்கள். ஓராண்டு நீட்டிப்புக்கு வழி இருந்தது. ஆனால் ஊரார் பென் டிரைவ் எல்லாம் ஏறி இறங்கும் மிஷினில் அந்த ஒட்டுப்போடும் வேலை எனக்குப் பிடிக்கவில்லை. கடைக் கம்ப்யூட்டர் எட்டாம் தலைமுறை ஐ3, 8 ஜிபி ராம், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் இருக்கிறது. விண்டோஸ் 11 ஏற்கும். நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை கடையை மூடிவிட்டு உட்கார்ந்தேன்.

அன்று நான் மூன்று காரியம் செய்தேன். விண்டோஸை மாற்றினேன். மாற்றி முடித்ததும் ஆன்டிவைரஸ் தன்னுடைய புதிய பதிப்புக்கு மாறச் சொல்லிக் கேட்டது, அதற்கும் சரி என்றேன். எப்படியும் கடை மூடித்தானே இருக்கிறது என்று, வீட்டில் சும்மா கிடந்த பழைய மானிட்டரைக் கொண்டுவந்து வாடிக்கையாளர் பக்கம் திருப்பி வைத்தேன். பெயர், முகவரியை டைப் அடிக்கும்போது அவர்களே பார்த்து எழுத்துப் பிழையைச் சொல்லிவிடுவார்கள் அல்லவா? நம் திரையில் தெரிவதே அதிலும் தெரிகிற மாதிரி, 'டூப்ளிகேட்' என்று வைத்தேன். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மூன்று வேலை முடித்துவிட்டோம் என்று பெருமையாக வீட்டுக்குப் போனேன். அதற்கான வட்டியை அடுத்த மூன்று வாரம் கட்டினேன்.

திங்கள்கிழமை குரல் வரவில்லை.

முதலில் பயம்தான். விண்டோஸ் மாறும்போது ஆன்டிவைரஸே கழன்று போய்விட்டதோ? உங்களுக்கும் இப்படி ஆனால் ஒலியைத் தேடுவதற்கு முன்னால் இதைப் பாருங்கள். செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதற்குள் விண்டோஸ் செக்யூரிட்டி, அதற்குள் வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன். இப்போது எந்த ஆன்டிவைரஸ் காவலில் இருக்கிறது என்று அங்கே பெயரோடு தெரியும். வெளி ஆன்டிவைரஸ் வேலையில் இருந்தால் விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும். வெளியாள் இல்லாமல் போனால் அதுவே காவலுக்கு வந்துவிடும். ஆக, டிஃபெண்டர் பெயர் அங்கே தெரிந்தால் உங்கள் பழைய ஆன்டிவைரஸ் இப்போது வேலையில் இல்லை. இல்லாதவன் எப்படிப் பேசுவான்? எங்கள் மிஷினில் பழைய பெயரே இருந்தது, பச்சை டிக்கோடு. காவல்காரன் இருக்கிறான், விசில் மட்டும் ஊதவில்லை. பாதுகாப்பு இருக்கிறதே, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அது தப்பு.

அந்த மாதம் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிர திருத்தம் நடந்துகொண்டிருந்தது. ஜெராக்ஸ் கடைக்காரர்களுக்கு மூச்சுவிட நேரம் இல்லை. அந்த நெரிசலில் ஒரு காலேஜ் பையன் வந்து பென் டிரைவைக் கொடுத்திருக்கிறான். நைனா சொருகித் திறந்திருக்கிறார். உள்ளே இருந்த வேர்டு ஃபைல் கண்ணெதிரே காணாமல் போயிற்று. "காலைல இருந்துச்சு தாத்தா, நீங்கதான் அழிச்சிட்டீங்க" என்று அவன் கத்த, "நான் இன்னாடா கைய வெச்சேன்?" என்று இவர் கத்த, வரிசையில் நின்றவர்கள் ஆளுக்கொரு நியாயம் சொல்ல, நான் போய்ச் சேர்வதற்குள் நைனாவின் முகம் சுருங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் ஒருத்தர் காகிதத்தைக்கூட அவர் தொலைத்ததில்லை.

ஆன்டிவைரஸைத் திறந்து, பிடித்துவைத்த ஃபைல்களை அடைத்துவைக்கும் க்வாரன்டீன் பகுதியைப் பார்த்தேன். உள்ளே அவன் ரிப்போர்ட். மேக்ரோ வைரஸ், அதாவது வேர்டு ஃபைலுக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும் வைரஸ், ஏறிய ஃபைல். ஆன்டிவைரஸ் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது, ஒரு வார்த்தை சொல்லாமல். ஃபைலை வெளியே விடவில்லை. அவன் நண்பன் போனில் பிடிஎஃப் இருந்தது, அதை அனுப்பச் சொல்லி பிரின்ட் போட்டுக் கொடுத்தோம், காசு வாங்கவில்லை. பென் டிரைவில் இருந்த ஃபைல் கடையில் காணாமல் போனது என்று யாராவது சண்டைக்கு வந்தால் முதலில் க்வாரன்டீனைத் திறந்து பாருங்கள். பாதிச் சண்டை அங்கேயே அடங்கிவிடும்.

அன்று சாயங்காலமே ரிச்சி தெருவுக்குப் போய் 450 ரூபாய்க்குப் புது ஸ்பீக்கர் வாங்கி வந்தேன். பழைய ஸ்பீக்கரின் ஜாக்கில் துரு ஏறியிருந்தது. கடல் காத்து, எங்கள் பக்கம் எதில்தான் துரு ஏறாது! மாட்டிவிட்டுப் பெருமையாக நின்றேன். நைனா கேட்டார்: "பழைய ஸ்பீக்கர்லயே பாட்டு வந்துச்சேடா?"

வந்ததுதான். யூடியூபில் பாட்டு கேட்டது. பென் டிரைவ் சொருகினால் 'டடிங்' என்றது. அப்புறம் ஸ்பீக்கர் மேல் என்ன குற்றம்? மறுநாள் வந்த கம்ப்யூட்டர் ரிப்பேர் தம்பி ஒருவர், "சவுண்ட் டிரைவர் ஒத்துப்போகலண்ணா, ஃபார்மட் அடிச்சிடலாம்" என்றார். அவருக்கும் இதே கேள்விதான் பதில். ஒலியை ஓட்டும் மென்பொருளான டிரைவர் கெட்டிருந்தால் பாட்டும் வந்திருக்காது.

எங்கள் தெருவில் குழாயில் தண்ணீர் வராவிட்டால் முதல் வேலையாகப் பக்கத்து வீட்டுக் குழாயைத் திறந்து பார்ப்போம். அங்கேயும் வரவில்லை என்றால் தெருவுக்கே இல்லை, லாரிக்குக் குடத்தை எடுக்க வேண்டியதுதான். அங்கே வருகிறது என்றால் கோளாறு நம் வீட்டுக் குழாயில். கம்ப்யூட்டர் ஒலிக்கும் இதே கணக்குதான். எந்தச் சத்தமும் இல்லை என்றால் ஸ்பீக்கர், டிரைவர், அவுட்புட் ஆகியவற்றைப் பாருங்கள். மானிட்டரை எச்டிஎம்ஐ கேபிளில் மாட்டியிருந்தால் ஒலி அந்த மானிட்டருக்குத் தாவியிருக்கலாம், அதில் ஸ்பீக்கரே இல்லாமலும் இருக்கலாம். மற்றதெல்லாம் கேட்டு ஒன்று மட்டும் கேட்கவில்லை என்றால் அந்த ஒன்றின் வீட்டுக்குள்தான் தேட வேண்டும். இது தெரிந்தே இருந்தும் 450 ரூபாய் செலவழித்தேன்.

சரி, அந்த ஒன்றின் வீடு எங்கே இருக்கிறது? ஆன்டிவைரஸ் என்பது ஓர் ஆள் இல்லை, இரண்டு ஆள். ஒருவர் பின்னணியில் சர்வீஸாக ஓடுபவர். நாம் லாகின் செய்வதற்கு முன்பே வேலையை ஆரம்பித்துவிடுவார். பிடிப்பதும் அடைப்பதும் அவர்தான். ஆனால் விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து சர்வீஸ்களுக்குத் தனி அறை. நம் திரை இருக்கும் கூடத்துக்கு அவை வர முடியாது. கூடத்தில் வந்து தகவல் சொல்வது இன்னொருவர், நாம் லாகின் செய்ததும் கடிகாரத்துக்குப் பக்கத்தில் சின்னப் படமாக உட்காருபவர். பிடிக்கிறவர் வேறு, சொல்கிறவர் வேறு என்பதால்தான் பாதுகாப்பு பழுதில்லாமல் இருந்தும் சத்தம் மட்டும் போகிறது.

கடிகாரத்துக்குப் பக்கத்தில் படம் இருந்தது. ஆன்டிவைரஸின் சொந்த செட்டிங்ஸில் 'சைலன்ட்' முறை அணைந்தே இருந்தது, ஒலிகளுக்கான டிக்குகளும் இருந்தன. ஒவ்வொரு ஆப்புக்கும் தனித்தனியாக ஒலி அளவு வைக்கும் வால்யூம் மிக்ஸரிலும் எல்லாம் நூறில். இதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் ஒரு மடத்தனம் செய்தேன். விண்டோஸ் 11-க்கான ஆன்டிவைரஸ் சவுண்ட் பேக் என்று ஓர் இடத்தில் இலவசமாகக் கொடுத்தார்கள். டவுன்லோடு செய்தேன். அது ஒலி ஃபைல் இல்லை, இயங்கும் இஎக்ஸ்இ ஃபைல். அதைக் கவனித்தும், அவசரத்தில், திறக்கலாம் என்று மவுஸைக் கொண்டுபோனேன். ஃபைலைக் காணோம். ஃபோல்டர் காலி. ஆன்டிவைரஸ் அதையும் வாயைத் திறக்காமல் தூக்கிக்கொண்டு போய்விட்டது. தொலைந்துபோன சைரனைத் தேடிப் போனவனைச் சைரன் ஊதாமலே காப்பாற்றியிருக்கிறது. எதைத் தேடினாலும் இப்படி இஎக்ஸ்இ-யாக வரும் சவுண்ட் பேக் பக்கம் மட்டும் போகாதீர்கள்.

இது எங்காவது பதிவாகியிருக்குமே என்று கடிகாரத்தின் மேல் கிளிக் செய்தேன். நோட்டிஃபிகேஷன் பட்டியல் சர்ரென்று விரிந்தது. கடைசியாக வந்த எச்சரிக்கைகள் வரிசையாகக் கிடந்தன, அந்த இஎக்ஸ்இ ஃபைல் உட்பட. ஆக, ஆன்டிவைரஸ் சொல்லத்தான் செய்திருக்கிறது. சொன்னதை விண்டோஸ் வாங்கி உள்ளே போட்டுக்கொண்டு நம்மிடம் கொடுக்காமல் இருந்திருக்கிறது. கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருந்த மணிப் படத்தை அன்றுதான் உற்றுப் பார்த்தேன். மணி தூங்குவது போல அதன் மேல் குட்டியாக இசட் எழுத்து. 'டூ நாட் டிஸ்டர்ப்' போட்டிருக்கிறது என்பதற்கு அடையாளம். நான் போடவில்லை. நைனாவுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அணைத்தேன். மறுநாள் மறுபடியும் இசட்.

முடிச்சை அவிழ்த்தது என் தங்கச்சி. மதியத்துக்கு மேல் கடையைப் பார்த்துக்கொள்பவள். நான் புலம்பிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு, "எனக்கு சவுண்டு வருதே ண்ணா" என்றாள்.

"எப்போ?"

"எப்பவும் இல்ல. லேமினேஷன் போடும்போது வருது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லேமினேஷன் மிஷினுக்கும் ஆன்டிவைரஸுக்கும் என்ன சம்பந்தம்? அவள் விடவில்லை, செய்தே காட்டினாள். எங்கள் கடையில் லேமினேஷன் மிஷினுக்கென்று தனி இடம் கிடையாது. வாடிக்கையாளர் பக்கம் நான் வைத்த மானிட்டரின் கேபிளைக் கழற்றி, மானிட்டரை மேசைக்கு அடியில் இறக்கிவிட்டு, அந்த இடத்தில்தான் மிஷினை வைப்பாள். கேபிளைக் கழற்றினாள். மணிப் படத்தில் இருந்த இசட் மறைந்தது. மறுபடி மாட்டினாள். இசட் வந்து உட்கார்ந்தது.

செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் நோட்டிஃபிகேஷன்ஸ். அங்கே 'டூ நாட் டிஸ்டர்ப்' தானாக எப்போதெல்லாம் போட்டுக்கொள்ள வேண்டும் என்று ஒரு பட்டியல் இருக்கிறது, விரித்துப் பார்த்தால்தான் தெரியும். குறிப்பிட்ட நேரங்களில், திரையை டூப்ளிகேட் செய்யும்போது, கேம் ஆடும்போது, ஏதாவது ஒன்றை முழுத்திரையில் வைத்திருக்கும்போது, விண்டோஸின் பெரிய அப்டேட் முடிந்த முதல் ஒரு மணி நேரத்துக்கு. டூப்ளிகேட் என்ற வரிக்கு எங்கள் மிஷினில் டிக் இருந்தது. அதைக் குறை சொல்லவும் முடியாது. நாலு பேர் பார்க்கிற மாதிரி திரையைப் புரொஜெக்டரில் போட்டுப் பேசிக்கொண்டிருக்கும்போது நம் சொந்த மெசேஜ் நடுவில் எட்டிப் பார்க்கக் கூடாது என்று யோசித்து வைத்திருக்கிறார்கள். இது ஜெராக்ஸ் கடை என்று விண்டோஸுக்குத் தெரியுமா? டிக்கை எடுத்தேன். அதே பக்கத்தில் கீழே ஆப்களின் பட்டியல் வரும். அதில் ஆன்டிவைரஸின் பெயரைத் திறந்து, நோட்டிஃபிகேஷன் வந்தால் ஒலி எழுப்பு என்பது போட்டிருக்கிறதா என்றும் பார்த்தேன். இருந்தது.

மூன்று வாரமாக விண்டோஸைத் திட்டிக்கொண்டிருந்தேன். குற்றவாளி நான் கொண்டுவந்து வைத்த மானிட்டர். விண்டோஸை ஞாயிற்றுக்கிழமையும் மானிட்டரை அடுத்த வாரமும் வைத்திருந்தால் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்திருப்பேன்.

இந்தப் பக்கமே போயிருக்கிறோம் என்பதால் இன்னொன்றும் மாற்றினேன். செட்டிங்ஸில் ஆக்சஸிபிலிட்டி, விஷுவல் எஃபெக்ட்ஸ். நோட்டிஃபிகேஷன் எத்தனை நேரம் திரையில் நிற்க வேண்டும் என்று அங்கே இருக்கிறது. ஐந்து விநாடி என்று இருந்ததை ஒரு நிமிஷம் ஆக்கினேன். பார்வை குறைந்த பெரியவர்கள் கம்ப்யூட்டர் பார்க்கிற வீடு எதுவானாலும் முதல் நாளே இதைச் செய்துவிடலாம். காது கேட்காதவர்களுக்கு, ஒலி வரும்போது திரை மின்னும்படி வைக்க அதே ஆக்சஸிபிலிட்டியில் ஆடியோ என்ற பகுதியில் வழி உண்டு.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். நைனா ஒத்துக்கொள்ளவில்லை. "டிங்குன்னுதான் வருது. மெயில் வந்தாலும் டிங்கு, வைரஸ் வந்தாலும் டிங்கா?" என்றார். நியாயமான கேள்வி. பழைய ஊளைச் சத்தமும் வரவில்லை, காலைக் குரலும் வரவில்லை. நான் சரி செய்தது விண்டோஸ் கொடுக்கும் பொதுவான மணியை மட்டும்தான். ஆன்டிவைரஸின் சொந்தக் குரல் போனதற்குக் காரணம் வேறு.

செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட். அந்தப் பக்கத்தின் அடியில் 'மோர் சவுண்ட் செட்டிங்ஸ்' என்று ஒரு வரி. அதை அழுத்தினால் விண்டோஸின் பழைய காலத்துச் சின்னப் பெட்டி ஒன்று திறக்கும். அதில் 'சவுண்ட்ஸ்' என்ற தாவல். விண்டோஸ் எந்தெந்த நிகழ்வுக்கு என்ன ஒலி எழுப்ப வேண்டும் என்ற பட்டியல் அங்கேதான் இருக்கிறது. கீழே இறக்கிக்கொண்டே போனால் சில மென்பொருள்கள் தங்கள் பெயரில் தனிப் பகுதி வைத்திருக்கும். எங்கள் ஆன்டிவைரஸும் வைத்திருந்தது. வைரஸ் பிடிபட்டது, பட்டியல் புதுப்பிக்கப்பட்டது என்று நாலைந்து வரிகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் குட்டி ஸ்பீக்கர் படம். பார்த்தால் எல்லாம் ஒழுங்கு போலத்தான் இருந்தது. 'டெஸ்ட்' அழுத்தினேன். ஒன்றும் இல்லை. 'பிரவுஸ்' அழுத்திப் பார்த்தபோதுதான் புரிந்தது. அந்த வரிகள் எல்லாம் பழைய பதிப்பின் ஃபோல்டரைக் காட்டிக்கொண்டிருந்தன. புதிய பதிப்பு வேறு ஃபோல்டரில் குடியேறியிருந்தது. வீடு மாறிவிட்டார்கள், ரேஷன் கார்டில் பழைய முகவரி.

புதிய ஃபோல்டரில் ஒலி ஃபைல்களும் இல்லை. பழையதை அங்கே கொண்டுபோய் வைக்கலாம் என்றால் அனுமதி இல்லை என்றது. வைரஸ்கள் தன்னைக் கெடுத்துவிடாமல் இருக்க ஆன்டிவைரஸ் தன் ஃபோல்டரை யாரையும் தொடவிடாது, நம்மையும் சேர்த்து. அந்தக் காவலை அணைத்துவிட்டுச் செய்யச் சொல்லி அறிவுரை கிடைக்கும். தேவையே இல்லை. சவுண்ட்ஸ் பட்டியலில் ஒலி ஃபைல் எங்கே இருந்தாலும் காட்டலாம்.

எந்த ஒலியை வைப்பது? மகளிடம் கேட்டேன். ஏழாம் வகுப்பு படிக்கிறாள். கொரோனா காலத்தில் ஆன்லைன் வகுப்புக்கு வாங்கிய ஹெட்செட்டைத் தேடி எடுத்து, விண்டோஸிலேயே இருக்கும் சவுண்ட் ரெக்கார்டரில் ஒரே மூச்சில் பேசினாள்: "தாத்தா, வைரஸ்! பென் டிரைவை எடு!" கடைசி வார்த்தையில் ஒரு அதட்டல், அவள் அம்மாவைப் போலவே.

இங்கே ஓர் இடறல் உண்டு. சவுண்ட்ஸ் பட்டியல் வேவ் (.wav) ஃபைலை மட்டும்தான் ஏற்கும். போனில் பதிந்த ஒலி எம்4ஏ-யாகவும் எம்பி3-யாகவும் இருக்கும். பெயரின் வாலை மட்டும் வேவ் என்று மாற்றினால் ஏமாறாது, பேசாமல் இருந்துவிடும். சவுண்ட் ரெக்கார்டரின் செட்டிங்ஸில் பதிவு வடிவத்தை வேவ் என்று மாற்றிவிட்டுப் பதியுங்கள். அந்த ஃபைலை டெஸ்க்டாப்பில் போட்டு வைத்தால் யாராவது குப்பை என்று அழித்துவிடுவார்கள். விண்டோஸ் ஃபோல்டருக்குள் வைத்தால் அடுத்த பெரிய மாற்றத்தில் போனாலும் போகும். டி டிரைவில் 'கடை ஒலி' என்று தனி ஃபோல்டர் போட்டு வைத்தேன். பட்டியலில் ஃபைலைக் காட்டிய பிறகு 'அப்ளை' அழுத்த வேண்டும். மேலே 'சேவ் ஆஸ்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது, அதில் இந்த ஏற்பாடு முழுவதையும் ஒரு பெயரில் சேமித்துக்கொள்ளலாம். அடுத்த தடவை ஏதாவது மாறினால் மேலே இருக்கும் பட்டியலில் அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

எல்லாம் சரியாகிவிட்டதா என்று எப்படிப் பார்ப்பது? வைரஸ் உள்ள பென் டிரைவைச் சொருகிப் பார்ப்பது நெருப்பு அலாரத்தைச் சோதிக்கக் கடையைக் கொளுத்துவது போல. இதற்கென்றே ஐகார் (EICAR) சோதனை ஃபைல் என்று ஒன்று இருக்கிறது. 68 எழுத்துகள் கொண்ட ஒரே ஒரு வரி. வைரஸ் இல்லை, யாரையும் ஒன்றும் செய்யாது. ஆனால் இதைப் பார்த்தால் வைரஸ் என்றே கத்த வேண்டும் என்று ஆன்டிவைரஸ் செய்பவர்கள் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். ஐகார் அமைப்பின் சொந்த வலைத்தளத்திலேயே கிடைக்கும், வேறெங்கும் எடுக்க வேண்டாம். ராத்திரி கடையை மூடிய பிறகு, அந்த வரியை நோட்பேடில் ஒட்டி சேமித்தேன்.

"தாத்தா, வைரஸ்! பென் டிரைவை எடு!"

ஷட்டர் பாதி இறங்கிய அந்தச் சின்னக் கடையில் அது எகிறிக் கேட்டது. சந்தில் போன ஒருவர் குனிந்து எட்டிப் பார்த்தார். இரண்டாவது மானிட்டரை மாட்டி ஒரு தடவை, கழற்றி ஒரு தடவை, யூடியூபை முழுத்திரையில் வைத்து ஒரு தடவை என்று மூன்று விதமாகவும் சோதித்தேன்.

அடுத்த மாதமே கொருக்குப்பேட்டையில் ஒரு மெடிக்கல் ஷாப்பிலிருந்து கூப்பிட்டார்கள், இதே குறை. அங்கே மணியில் இசட் இல்லை, சவுண்ட்ஸ் பட்டியலும் ஒழுங்கு. கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஆன்டிவைரஸின் படமே இல்லை. விண்டோஸ் மாற்றிய பிறகு மிஷின் மெதுவாகிவிட்டது என்று யாரோ டாஸ்க் மேனேஜரில், லாகின் செய்ததும் தானாக ஓடுபவற்றைக் காட்டும் ஸ்டார்ட்அப் பட்டியலில் கண்ணில் பட்டதையெல்லாம் அணைத்திருக்கிறார்கள். கூடத்தில் தகவல் சொல்பவரை வேலையை விட்டே அனுப்பிவிட்டு, சத்தம் வரவில்லை என்று தேடியிருக்கிறார்கள். இரண்டு நிமிஷ வேலை. கல்லாவில் இருந்தவர் நூறு ரூபாய் நீட்டினார், வாங்கிக்கொண்டேன். 450-ல் ஒரு பங்காவது தேறட்டும்.

மகளின் குரல் கடையில் பிரபலமாகிவிட்டது. அது கத்தியதும் பென் டிரைவ் கொண்டுவந்தவன் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும், திருடும்போது கையும் களவுமாகப் பிடிபட்டது போல நெளிவான். நைனாவுக்கு ஏகப்பட்ட குஷி. "என் பேத்திடா" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அதனால் காலையில் பட்டியல் புதுப்பிக்கும்போது வரும் குரலையும் அவளையே பேசவைத்துவிடலாம் என்று, "காலை வணக்கம் தாத்தா" என்று பதிந்து வைத்தேன்.

இரண்டு நாள் கேட்டார். மூன்றாம் நாள் சாப்பிடும்போது தயங்கித் தயங்கிச் சொன்னார்: "பாப்பா பேசறது நல்லாத்தான் கீது. ஆனா கார்த்தால அந்தப் பொண்ணு பேசினாத்தான் கடை தொறந்த மாதிரி இருக்கு."

தங்கச்சியின் பழைய லேப்டாப்பில் விண்டோஸ் 10-ம் அதே ஆன்டிவைரஸின் பழைய பதிப்பும் அப்படியே இருந்தன. அந்த ஃபோல்டரில் எதையும் மாற்றத்தான் விடாது, காப்பி எடுக்க விடும். வேவ் ஃபைலை எடுத்துவந்து 'கடை ஒலி' ஃபோல்டரில் போட்டு, காலை வரிக்கு அதைக் காட்டினேன்.

மறுநாள் எட்டு மணிக்கு நானும் கூடப் போனேன். நைனா தண்ணீர் தெளித்தார், ஊதுபத்தி ஏற்றினார். ஆங்கிலத்தில் அந்தக் குரல் வந்தது. ஊதுபத்தியைச் சாமி படத்தில் சொருகிக்கொண்டே, கம்ப்யூட்டர் பக்கம் திரும்பாமல் கேட்டார்:

"இன்னாமா, லீவு முடிஞ்சுதா?"